பெர்னபூவில் 3-0, குழுவில் கடைசி இடம்: விக்டர் கோன்ச்சரென்கோ எப்படிப்பட்ட பயிற்சியாளர்?

2018 டிசம்பர் 13, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

நேற்று சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானமான பெர்னபூவில் 3-0 என்று தோற்கடித்த சிஎஸ்கேஏ மாஸ்கோவின் பயிற்சியாளர் பெலாரஸ்காரராம். ஆட்டக்காரராக யாருக்கும் தெரியாதவராம். ரியல் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டது, இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கியது, இவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? மேலும், சிஎஸ்கேஏ குழுவில் கடைசி இடத்தில்தானே முடித்தது?

2018 டிசம்பர் 13, முற்பகல்

கோர்ட்வா, மார்செலோ, இஸ்கோ, அசென்சியோ, பென்செமா. இவர்கள் எல்லோரும் முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார்கள். இது இரண்டாம் வரிசை என்றால் முதல் வரிசை எங்கே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ரியல் தன் மைதானத்தில் கண்ட மிகப் பெரிய தோல்வி இது. அக்டோபரில் மாஸ்கோவிலும் இதே சிஎஸ்கேஏ 1-0 என்று வென்றது. தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியை ஒரே பருவத்தில் இரண்டு முறை, ஒரு கோல்கூட வாங்காமல் வெல்வதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியாது.

கடைசி இடம் என்பது உண்மைதான். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அவசரத்தில் சொல்லும் விஷயமல்ல.

2018 டிசம்பர் 13, இரவு

"யாருக்கும் தெரியாத ஆட்டக்காரர்" என்ற பகுதிக்கு வருகிறேன்.

கோன்ச்சரென்கோ 1977 ஜூன் 10 அன்று பெலாரஸின் தென்கிழக்கில், கோமல் பகுதியில் உள்ள ஹோய்னிகி என்ற சிற்றூரில் பிறந்தவர். செர்னோபில் விபத்தின் கதிரியக்கம் மிகக் கடுமையாகப் படிந்த மாவட்டங்களில் ஹோய்னிகியும் ஒன்று. அப்போது அவருக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை.

தடுப்பாட்டக்காரராக வளர்ந்து போரிசோவ் நகரின் பாத்தே கிளப்பில் சேர்ந்தார். அந்தக் கிளப்பை 1996இல் அனத்தோலி கப்ஸ்கி மறுபடி எழுப்பியிருந்தார். மூன்றாம் பிரிவில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு படி ஏறி, 1998இல் முதல் பிரிவுக்கு வந்து, 1999இல் சாம்பியன் ஆனது. அந்த அணியின் பின்வரிசையில் இருந்தவர் இவர். 2002இல் பாத்தே மீண்டும் சாம்பியன். அதே ஆண்டில் முழங்கால் ஜவ்வுக் காயத்தால் இவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வயது 25.

ஆகவே அவரை ஒன்றும் சாதிக்காதவர் போலப் பேசுவது நியாயம் அல்ல. தன் நாட்டில் இரண்டு முறை சாம்பியன் பட்டம் பெற்ற அணியில் இருந்தவர். உலகம் அவரைப் பார்க்கும் முன்பே கால் போய்விட்டது.

நானும் கல்லூரிக் காலத்தில் பின்வரிசையில் ஆடியவன். அந்த இடத்தில் நிற்பவனுக்கு ஆட்டம் முழுக்கக் கண் முன்னால் விரிந்து கிடக்கும். யார் இடம் மாறவில்லை, யார் மூச்சு வாங்குகிறான், பந்து இன்னும் இரண்டு பாஸில் எங்கே வரும் என்பதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஓடிப்போய்த் தடுக்கக் கால் வராத நாள்கள் உண்டு. 25 வயதில் கால் நிரந்தரமாகப் போய், பார்வை மட்டும் அப்படியே இருந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? இவர் அதே கிளப்பின் இரண்டாம் அணியைப் பயிற்றுவிக்கப் போனார்.

2018 டிசம்பர் 14

"காயம்தான் அவரைப் பயிற்சியாளர் ஆக்கியது, நல்லதுதானே நடந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 25 வயதில் முடிந்துபோன வாழ்க்கையை வரம் என்று அடுத்தவர் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்று உண்மை. அவருடைய வயதுக்காரர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் தேறிவிட்டார். 2007 முடிவில், அதுவரை பாத்தேயின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த இகோர் கிரியுஷென்கோ தினமோ மின்ஸ்க் கிளப்புக்குப் போனபோது, பாத்தேயின் தலைமைப் பொறுப்பு 30 வயது கோன்ச்சரென்கோவிடம் வந்தது.

அடுத்த ஆண்டே நடந்ததைக் கவனியுங்கள். 2008 சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. ஐஸ்லாந்தின் வாலூரை வென்றார்கள். பிறகு ஆண்டர்லெக்ட்டை பிரஸ்ஸல்ஸிலேயே 2-1 என வென்று, சொந்த ஊரில் 2-2. பிறகு லெவ்ஸ்கி சோஃபியா. பெலாரஸ் கிளப் ஒன்று சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் கால் வைத்தது அதுவே முதல் முறை. பயிற்சியாளருக்கு வயது 31.

குழுவில் ரியல் மாட்ரிட், இத்தாலியின் யுவென்டஸ், யூஈஎஃப்ஏ கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த ரஷ்யாவின் ஜெனித். போரிசோவ் மைதானம் சிறியது என்பதால் ஆட்டங்கள் மின்ஸ்கில் நடந்தன. யுவென்டஸுக்கு எதிராக 23 நிமிடத்துக்குள் கிரிவெட்ஸும் ஸ்டாசெவிச்சும் கோல் போட்டு 2-0. இடைவேளைக்குள் இயாக்விந்தா இரண்டையும் திருப்பிவிட்டார். 2-2. பீட்டர்ஸ்பர்க்கில் ஜெனித்துடன் 1-1. கடைசியாக டூரினில் யுவென்டஸுடன் 0-0.

ஆறு ஆட்டம், மூன்று டிரா, மூன்று புள்ளி, கடைசி இடம். இந்தக் கடைசி இடத்தை யாரும் பழிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2018 டிசம்பர் 14, பிற்பகல்

மேலே ஒருவர் பாத்தேயை "பணக்காரக் கிளப்" என்கிறார். அந்த நாட்டு லீக்கில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அதுவும் ஐரோப்பியப் போட்டிப் பணம் உள்ளே வந்த பிறகுதான். வாகன, டிராக்டர் மின்கருவித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய கிளப் அது. ரியலோடும் யுவென்டஸோடும் வைத்துப் பார்க்கும்போது பணம் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

2018 டிசம்பர் 16

ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கை பாத்தே வென்ற ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது.

2012 அக்டோபர் 2, மின்ஸ்க். அதற்கு முந்தைய ஆட்டத்தில் பாத்தே பிரான்ஸுக்குப் போய் லீலை 3-1 என்று வென்றிருந்தது. இருந்தும், வந்து நின்ற அணி பேயர்ன். பயிற்சியாளர் ஹைங்கெஸின் பேயர்ன், அந்தப் பருவத்தில் எதிரே வந்த எல்லோரையும் உருட்டிக்கொண்டிருந்த பேயர்ன். 23ஆவது நிமிடத்தில் பாவ்லவ் கோல் போட்டார். அதன் பிறகு பேயர்னிடமே பந்து. 78ஆவது நிமிடத்தில் ரோடியோனவ் இரண்டாவது. கூடுதல் நேரத்தில் ரிபெரி ஒன்று திருப்பியதும் வயிற்றைக் கலக்கியது. பேயர்ன் முழு அணியும் முன்னே ஏறி வர, காலியான பாதியில் ப்ரெஸ்ஸான் ஓடி மூன்றாவதைப் போட்டார். 3-1.

அந்தப் பருவத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் பேயர்னை வென்றவை இரண்டே அணிகள்: ஆர்சனலும் பாத்தேவும். பேயர்ன் அந்த ஆண்டு மூன்று கோப்பைகளையும் அள்ளியது.

அன்று பாத்தேவுக்கு ஆடியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஹிலெப். 1999 சாம்பியன் அணியில் கோன்ச்சரென்கோவும் ஹிலெப்பும் சேர்ந்து ஆடியவர்கள். ஒருவர் ஷ்டுட்கார்ட், ஆர்சனல், பார்சிலோனா என்று போனார். இன்னொருவர் முழங்காலோடு போரிசோவிலேயே தங்கினார். பதின்மூன்று ஆண்டு கழித்து உலகம் சுற்றியவர் திரும்பி வருகிறார், ஊரில் தங்கியவர் கோட்டுக்கு வெளியே நின்று அவருக்கு இடம் சொல்கிறார். நான் அந்த ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் கேமரா இவர்கள் இருவரையும் காட்டும் இடங்களில் நிறுத்திப் பார்ப்பேன். பார்சிலோனாவில் ஆடிய மனிதர் தன் பக்கத்து இடைவெளியை அடைக்க ஓடி ஓடி வருகிறார். பயிற்சியாளரின் சொல்லுக்கு அணிக்குள் இருந்த மதிப்பு அங்கே தெரிகிறது.

2018 டிசம்பர் 16, இரவு

இரண்டு வெற்றிகளுக்கும் ஒரே தேதி என்று கவனித்த நண்பருக்கு நன்றி. ஆம், பேயர்ன் வெற்றி 2012 அக்டோபர் 2. மாஸ்கோவில் ரியல் மீதான வெற்றி 2018 அக்டோபர் 2. தற்செயல்தான்.

அந்தத் தேதியோடு எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. பாத்தேயைக் கட்டி எழுப்பிய கப்ஸ்கி 2018 செப்டம்பரில் காலமானார். கால் போன 25 வயதுக்காரனைக் கிளப்பிலேயே வைத்துக்கொண்டு, 30 வயதில் தலைமை அணியையே ஒப்படைத்தது அவருடைய கிளப். அவர் போய் இரண்டு வாரம் ஆவதற்குள் மாஸ்கோவில் ரியல் விழுந்தது. இந்த வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

2018 டிசம்பர் 20

இப்போது கடைசி இடம். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

குழுவின் புள்ளிகள்: ரியல் 12, ரோமா 9, செக் நாட்டின் பில்சன் 7, சிஎஸ்கேஏ 7. பில்சனும் சிஎஸ்கேஏவும் சமம். ஆனால் அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களில் பில்சன் மேலே. அங்கே 2-2, மாஸ்கோவில் பில்சன் 2-1. பெர்னபூவில் மூன்று கோல் விழுந்த அதே மாலையில் பில்சன் ரோமாவை வென்றுவிட்டதால், 3-0க்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை. மூன்றாம் இடத்துக்குக் கிடைக்கும் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கும் இல்லை.

ரியலை இரண்டு முறை வென்ற அணிக்கு பில்சனை ஒரு முறைகூட ஏன் வெல்ல முடியவில்லை?

மாஸ்கோ ஆட்டத்தின் கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நிமிடம். க்ரோஸ் பின்னால் தட்டிய பந்து சரியாகப் போகவில்லை. விளாசிச் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டார். பந்தைப் பறித்தார், ஒரு தட்டு, கீழே தாழ்வாக அடித்தார், வலை. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை ஐந்து பேர் கொண்ட பின்வரிசை, அதற்கு முன்னால் இன்னொரு வரிசை, இரண்டுக்கும் நடுவே ஆள் நுழைய இடமில்லை. பந்து வலப்பக்கம் போனால் மொத்த வரிசையும் வலப்பக்கம் நகர்கிறது. ரியல் மூன்று முறை கம்பத்திலும் சட்டத்திலும் அடித்தது, மறுக்கவில்லை. கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் அகின்ஃபெயெவே இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். அப்போதும் வரிசை உடையவில்லை.

பந்து எதிராளியிடம் இருக்கும்போது இந்த மனிதரின் அணி மிகச் சிறந்த அணி. அவன் எங்கே பிசகுவான் என்று காத்திருக்கும். பேயர்னும் ரியலும் பந்தை விட்டுக்கொடுக்காத அணிகள், ஆகவே அவர்களுக்கு எதிராக இவர்களுடைய திட்டம் அப்படியே பொருந்துகிறது. பில்சன் வேறு மாதிரி. "பந்தை நீயே வைத்துக்கொள்" என்று பின்வாங்கி நின்றது. இப்போது கதவைத் திறக்கும் வேலை சிஎஸ்கேஏவுக்கு. அதற்கு இந்த அணியிடம் போதிய ஆள் இல்லை.

2012இலும் இதேதான். லீலையும் பேயர்னையும் வென்று ஆறு புள்ளியோடு நின்ற பாத்தே, மிச்சம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அதே ஆறு புள்ளியோடு மூன்றாம் இடம்.

2018 டிசம்பர் 21

"அப்படியானால் அவர் பெரிய பயிற்சியாளர் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்." இல்லை. கையில் இருந்த ஆட்களைப் பாருங்கள்.

கடந்த கோடையில் சிஎஸ்கேஏவின் தடுப்புச் சுவரே போய்விட்டது. இக்னஷெவிச்சும் பெரெசுட்ஸ்கி இரட்டையரும் ஓய்வு பெற்றார்கள். பத்தாண்டுக்கும் மேலாக நின்ற சுவர் அது. கோலவின் மொனாக்கோவுக்கு, வெர்ன்ப்லூம் கிரேக்கத்துக்கு. பதிலாக வந்தவர்கள் இங்கிலாந்தின் எவர்டன் கிளப் கடனாகக் கொடுத்த விளாசிச், ஸ்வீடன் லீக்கிலிருந்து பதின்ம வயது சிகுர்த்சன், பியோல், அப்ளியாகவ், அக்மெத்தவ், பெக்காவ் என்று பெரும்பாலும் இளைஞர்கள். பெர்னபூவில் கோல் போட்டவர்கள் சாலவ், ஷென்னிகவ், சிகுர்த்சன். பழைய தடுப்பாளர்களோடு வென்றிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

2019 ஜனவரி 6

விடுமுறையில் பழைய விஷயங்களைத் தோண்டிக்கொண்டிருந்தேன். பலருக்குத் தெரியாத ஒரு கட்டம். பாத்தேவுடன் 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டம் வென்ற பிறகு, ரஷ்யாவில் குபான் கிளப்புக்குப் போனார். ஓராண்டில் நீக்கப்பட்டார். பிறகு யூரால், அங்கும் சில மாதம்தான். அதன் பின் சிஎஸ்கேஏவில் லியனித் ஸ்லுட்ஸ்கிக்கு உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் மூன்று முறை தலைமைப் பயிற்சியாளராக நின்றவர், இன்னொருவருக்குப் பின்னால் உட்காரச் சம்மதித்தார். அந்தப் பருவத்தில் சிஎஸ்கேஏ சாம்பியன். பிறகு உஃபாவில் சில மாதம், 2016 டிசம்பரில் ஸ்லுட்ஸ்கி விலகியதும் சிஎஸ்கேஏவுக்கே தலைமை.

ஸ்லுட்ஸ்கியும் முழங்கால் போனவர்தான்! அவர் கோல்கீப்பர். 19 வயதில், பக்கத்து வீட்டாரின் பூனையை மீட்க மரத்தில் ஏறி விழுந்து ஆட்டத்தை விட்டவர். ஆக, அந்த ஆண்டு ரஷ்யாவின் சாம்பியன் அணியை நடத்திய இருவருமே இளம் வயதில் கால் உடைந்து நின்றவர்கள். இழையைத் தொடங்கியவர் இதைப் படிக்க வேண்டும்.

2019 ஜனவரி 8

பெலாரஸின் சிறந்த பயிற்சியாளர் மலஃபேயெவ்தான் என்று எழுதியவருக்கு: உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எடுவார்ட் மலஃபேயெவ் 1966 உலகக் கோப்பையில் சோவியத் அணிக்கு ஆடியவர், 1971இல் சோவியத் லீக்கில் 16 கோலோடு முதலிடம். பயிற்சியாளராக 1982இல் தினமோ மின்ஸ்க்கை சோவியத் சாம்பியன் ஆக்கினார். கடைசி ஆட்டத்தில் மாஸ்கோவில் ஸ்பார்ட்டாக்கை 4-3 என்று வென்றுதான் பட்டம். அந்த அணியில் ஆடிய கியோர்கி கந்த்ராத்தியெவ் பின்னாளில் பெலாரஸின் 21 வயதுக்குட்பட்டோர் அணியை 2011இல் ஐரோப்பாவில் மூன்றாமிடத்துக்கும் லண்டன் ஒலிம்பிக்ஸுக்கும் கொண்டுபோனார்.

மலஃபேயெவின் அணி ஏறி அடிக்கும் அணி, கோன்ச்சரென்கோவின் அணி காத்திருக்கும் அணி. முன்களத்தில் ஆடியவர் அப்படி, பின்வரிசையில் ஆடியவர் இப்படி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு பேரை வைத்து விதி எழுதக்கூடாது. சோவியத் லீக்கை மின்ஸ்க் வென்றது அந்த ஒரே முறைதான். சாதனையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு மலஃபேயெவுக்கு.

2019 ஜனவரி 8, சற்றுப் பிறகு

விடுபட்டது: 2017 நவம்பரில் பென்ஃபிகாவை 2-0 என வென்ற ஆட்டம். சாம்பியன்ஸ் லீக்கில் 11 ஆண்டுகளாக ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் வாங்கிக்கொண்டிருந்த அகின்ஃபெயெவ் முதன்முறையாக வெறுங்கையோடு எதிராளியை அனுப்பினார். அடுத்த வசந்தத்தில் லியோனை வெளியேற்றி யூரோப்பா லீக் கால் இறுதி. ஆர்சனலிடம் லண்டனில் 1-4 வாங்கி வந்து, மாஸ்கோவில் 50 நிமிடத்துக்குள் 2-0. இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் மொத்தம் 4-4, வெளியூரில் போட்ட கோலின் கணக்கில் அரையிறுதி. அந்த கோல் வரவில்லை, 2-2இல் முடிந்தது. கதவைத் திறக்கும் வேலை என்று மேலே எழுதினேனே, அதை இந்த ஆட்டத்தோடும் சேர்த்துப் படிக்கவும்.

2019 டிசம்பர் 15

யூரோப்பா லீக் குழுவில் சிஎஸ்கேஏ கடைசி. எஸ்பான்யோல், லுடோகோரெட்ஸ், ஃபெரென்ஸ்வரோஷ். இங்கே ரியலும் இல்லை, பேயர்னும் இல்லை. எல்லோரும் பந்தை இவர்களிடம் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அணிகள்.

போன ஆண்டு எழுதியதை நான் மாற்றவில்லை. ஆனால் அதில் ஒரு கேள்வியை அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது: இது அணியின் குறையா, அவருடைய குறையா? விளாசிச்சை நிரந்தரமாக வாங்கிவிட்டார்கள். சிகுர்த்சனும் சாலவும் இருக்கிறார்கள். ஓராண்டு கழிந்தும் மூடி நிற்கும் அணியை உடைக்க வழி பிறக்கவில்லை என்றால் பொறுப்பு பயிற்சியாளருக்கும் உண்டு.

2020 டிசம்பர் 11

மறுபடியும் கடைசி. வோல்ஃப்ஸ்பெர்க், ஃபெயெனூர்ட், தினமோ ஸாக்ரெப். ஆறு ஆட்டத்தில் மூன்று புள்ளி. விளாசிச் ஐரோப்பாவின் பெரிய லீக் எதிலும் ஆடத் தகுந்த ஆள். அவர் ஒருவரே தேரை இழுக்கிறார். எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

2021 மார்ச் 23

நேற்று சிஎஸ்கேஏ விட்டு விலகிவிட்டார். நான்கு ஆண்டுக்கும் மேல். பதிலாக ஒலிச், அந்தக் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்.

"பார்த்தீர்களா, நான் அன்றே சொன்னேன்" என்று தொடக்கக் கேள்வியாளர் எழுதியிருக்கிறார். நீங்கள் அன்று சொன்னது அதிர்ஷ்டம் என்று. நடந்தது அதுவல்ல. முதல் இரண்டு பருவங்களில் லீக்கில் இரண்டாமிடம், 2018இல் ரஷ்ய சூப்பர் கோப்பை, அதற்குப் பிறகு இரண்டு முறை நான்காமிடம். அணி மெல்ல இறங்கியது, அவரிடம் இருந்த ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தவில்லை. இதை அதிர்ஷ்டம் கைவிட்ட கதையாக எழுதினால் பேயர்னையும் ரியலையும் வென்றதும் புரியாது, பில்சனிடம் தோற்றதும் புரியாது.

எந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு: 2008 டிசம்பர், டூரின், யுவென்டஸ் 0, பாத்தே 0. கோல் இல்லை என்று ஒதுக்கிவிடாதே. அடுத்த சுற்றுக்குப் போக வாய்ப்பே இல்லாத, குழுவில் ஒரு வெற்றிகூட இல்லாத அணி கடைசி விசில்வரை வரிசை கலையாமல் நிற்பதைப் பார். பெர்னபூ 3-0ஐ அதற்குப் பிறகு பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

2021 ஏப்ரல் 6

கிராஸ்னதார் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. குபான் இருந்த அதே நகரம். 2014இல் அவரை நீக்கிய குபான் 2018இல் கலைக்கப்பட்டுவிட்டது.

எனக்கு ஆவலும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. தொழிலதிபர் கலீட்ஸ்கி உருவாக்கிய கிளப் இது. சொந்த அகாடமிப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே பந்தை வைத்து ஆடத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதிரணிகள் பெரும்பாலும் மூடிக்கொண்டு நிற்கும். கோன்ச்சரென்கோவுக்கு எது வரவில்லையோ அதுவே இங்கே அன்றாட வேலை. முதல் சில ஆட்டங்களில் பின்வரிசையில் மூன்று பேரை (பந்து எதிராளியிடம் போனால் ஐந்தாகும் அவருடைய பழைய முறை) நிறுத்துகிறாரா, நான்கு பேரையா என்று பார்க்கப் போகிறேன். நான்கு என்றால், 43 வயதில் புதிதாக ஒன்றைக் கற்க இறங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.